சூரியன் உதித்த மண்டபம்

எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1895-ஆம் வருஷத்தில் ஒரு கால யந்திரத்தைக் கண்டுபிடித்தார். காகிதத்தில்தான் கண்டுபிடித்தார் என்றாலும், கதை எழுதுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? என்னிடம் அப்படிப்பட்ட யந்திரம் கிடையாது. மாடியில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் சாய்ந்துகொண்டால் நாலு நூற்றாண்டு பின்னால் போவது அப்படியொன்றும் சிரமமில்லை.

எனக்குப் பாலே நடனத்தில் பைத்தியம். வீட்டில் உள்ளவர்கள் இதை எப்போதோ மன்னித்துவிட்டார்கள். நுனிக்காலில் நின்று சுழலும் மங்கையரை உலகமே ரசிக்கிறது. ஆனால் இந்தக் கலை எந்த வீட்டில் பிறந்தது, அதன் தொட்டிலைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று போய்ப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை. ஆகவே பாரிஸுக்குப் புறப்பட்டேன். அங்கே லூவர் அரண்மனைக்குப் பக்கத்தில் பெத்தி பூர்போன் என்று ஒரு பெரிய மண்டபம் இருந்தது. அந்த ஒரே மண்டபத்தில் மூன்று தடவை இறங்கினேன்.

முதல் தடவை, 1572 ஆகஸ்டு 20. கல்யாண வீடு. ராஜமாதா காதரின் தெ மெடிசியின் மகள் மார்கரெட்டுக்கும் நவார் தேசத்து ராஜா ஹென்றிக்கும் இரண்டு நாளைக்கு முன்புதான் விவாகம் நடந்திருக்கிறது. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை ஹ்யூகனாட் என்னும் புராட்டஸ்டண்டு கட்சிக்காரர். பல வருஷச் சண்டையை இந்தச் சம்பந்தம் தீர்த்து வைக்கும் என்று பேச்சு. மண்டபத்தின் ஒரு பக்கம் சொர்க்கம், மறு பக்கம் நரகம். நடுவில் அப்ஸர ஸ்திரீகளின் நடனம். சொர்க்கத்தைக் காப்பவர்கள் மகாராஜா ஒன்பதாம் சார்லஸும் அவருடைய தம்பிமார்களும். அதைத் தாக்க வருகிறவர்களோ புது மாப்பிள்ளையும் அவருடைய தோழர்களும்! தாக்கியவர்களைப் பூதங்கள் நரகத்துக்குள் இழுத்துக்கொண்டு போகின்றன. அப்புறம் நடனம் முடிந்து, மன்னிப்புக் கிடைத்து, வெளியே விடுகிறார்கள். சபையில் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. நாலாம் நாள் என்ன நடக்கப் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆகஸ்டு 23-ஆம் தேதி இரவு தொடங்கி, பாரிஸ் தெருக்களில் ஹ்யூகனாட்டுகளை ஆயிரக்கணக்கில் வெட்டிப் போட்டார்கள். அன்று மண்டபத்தில் ஆடியவர்களிலும் பார்த்தவர்களிலும் எத்தனை பேர் பிழைத்தார்கள்? மாப்பிள்ளை மதம் மாறி உயிர் தப்பினார். யாரையாவது தோளைத் தொட்டு, "ஊரை விட்டு ஓடிப் போங்கள்" என்று சொல்லத் துடித்தேன். சாய்வு நாற்காலிப் பிரயாணிக்குக் கண் உண்டு, வாய் கிடையாது.

இரண்டாம் தடவை 1581 அக்டோபர் 15. மறுபடியும் ஒரு கல்யாணம், அதே ராஜமாதா. ராணி லூயிஸின் தங்கையை ஜ்வாயோஸ் பிரபுவுக்குக் கொடுக்கிறார்கள். ஏற்பாடு செய்தவர் இத்தாலியிலிருந்து வந்த பிடில் வித்வான். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரை போஷ்வாயோ என்று மாற்றிக் கொண்டார்கள். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தது, விடியற்காலம் மூன்றரை வரையில் நடந்தது. நம் ஊர்த் தெருக்கூத்துப் பார்த்தவனுக்கு இது ஒரு பொருட்டில்லை. நான் கொட்டாவி விடவில்லை. மனிதர்களை மிருகங்களாக்கும் சர்சி என்ற மாயக்காரியின் கதை. பாட்டு, வசனம், வாத்தியம், நடனம் எல்லாம் ஒரே கதையில் கோத்து வந்தது. சரித்திரக்காரர்கள் முதல் பாலே என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. தரையில் ஆடினார்கள், சுற்றிலும் உப்பரிகைகளில் இருந்தவர்கள் மேலிருந்து குனிந்து பார்த்தார்கள். அதனால் ஆடுகிறவரின் முகத்தைவிட அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதே முக்கியம். வட்டம், சதுரம், முக்கோணம் என்று கடைசி நடனத்தில் மட்டும் நாற்பது உருவங்கள்! ராணியே நீர்த் தேவதையாக ஆடினாள். நமது மார்கழிக் கோலத்துக்குக் கால் முளைத்தாற்போல் இருந்தது. கடைசியில் மாயக்காரி தோற்று, அவளுடைய மந்திரக்கோல் மகாராஜா மூன்றாம் ஹென்றியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோலால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. 1587-இல், நவார் ஹென்றியை எதிர்த்துப் போன சண்டையில் ஜ்வாயோஸ் மாண்டார். 1589-இல் மகாராஜாவை ஒரு சந்நியாசி கத்தியால் குத்திக் கொன்றான். சிம்மாசனத்தில் ஏறியது யார் தெரியுமா? பதினேழு வருஷத்துக்கு முன் பூதங்கள் நரகத்துக்கு இழுத்துப் போன அந்த மாப்பிள்ளைதான்!

அவருடைய பேரனைப் பார்க்கவே மூன்றாம் தடவை போனேன்: 1653 பிப்ரவரி 23. பையனுக்கு வயது பதினான்கு; பதினான்காம் லூயி. இரண்டு வருஷத்துக்கு முன், இதே பிப்ரவரி மாதத்தில், கலகக்கார ஜனங்கள் ராத்திரியில் அரண்மனைக்குள் புகுந்துவிட்டார்கள். ராஜாவை ஊரை விட்டுக் கடத்துகிறார்களோ என்று சந்தேகம். தாயார் அவர்களைப் படுக்கையறைக்கே அழைத்துக் காட்டினாள். வரிசை வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனவர்களின் நடுவே, பையன் கண்ணை இறுக மூடித் தூங்குவது போல் பாசாங்கு செய்தான்.

இப்போது கலகம் அடங்கிவிட்டது. அன்றைய பாலேயின் பெயரே 'இரவு'. நாற்பதுக்கு மேற்பட்ட காட்சிகள்: திருடர்கள், பிச்சைக்காரர்கள், சூனியக்காரிகள், தீப்பற்றி எரியும் வீடு. இருட்டில் ஊர் என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும் வருகிறது. முடிவில் பொழுது புலர்கிறது. தலையில் பொற்கதிர், முழங்காலில் பொற்கதிர், பாதரட்சையில்கூடப் பொற்கதிர் வைத்து, சூரியனாக வந்து ஆடினான் அந்தப் பையன். பிரபுக்கள் கைதட்டினார்கள், நேற்று வரை அவனுக்கு எதிராக வாள் பிடித்தவர்களின் உற்றார் உறவினர்கள் அவர்கள். தூங்குவதாகப் பாசாங்கு செய்த இரவுக்கு அவன் சொன்ன பதில் அது என்று எனக்குத் தோன்றியது. 'சூரிய ராஜா' என்ற பட்டம் அவனை விட்டுப் பிறகு போகவே இல்லை.

அப்புறம் நடந்தது விரைவில் நடந்தது. மண்டபத்தை 1660-இல் இடித்தார்கள். மறு வருஷம் ராஜா பதின்மூன்று நடன ஆசிரியர்களை வைத்து ஒரு கழகம் அமைத்தார். பாதங்கள் நிற்க வேண்டிய ஐந்து நிலைகளை வகுத்தவர் என்று பொஷாம் என்ற ஆசிரியரைச் சொல்வார்கள். 1670-இல், உடம்பு கனத்ததோ என்னவோ, ராஜா ஆடுவதை நிறுத்திக் கொண்டார். அதற்குப் பிறகு ஆடியவர்கள் அதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அரண்மனையில் ராணிகளும் சீமாட்டிகளும் ஆடலாம். காசு வாங்கி ஆடும் ஆபராவில் பெண் வேஷத்தையும் முகமூடி போட்ட ஆண்களே கட்டினார்கள். இதற்காகத் திட்டத்தில் இல்லாத நாலாவது பிரயாணம் ஒன்று செய்தேன்: 1681 மே மாதம், பாரிஸ் ஆபரா. உட்கார இடமில்லாத தரை டிக்கெட்தான் எனக்குக் கிடைத்தது. முன்னால் நின்றவரின் தொப்பி மறைத்தது. எக்கிப் பார்த்தேன். லா போந்தேன் என்ற பெண் முன்னே வந்தாள். பின்னால் இன்னும் மூன்று பெண்கள். ராணியல்ல, பிரபு வீட்டுப் பெண்ணுமல்ல. தரையை மூடிய பாவாடைக்குள் அவள் கால்கள் என்ன செய்தன என்று யாருக்கும் தெரியவில்லை. தொப்பிக்காரர் கைதட்டினார்; நானும் தட்டினேன்.

அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். மணி நாலு, காபி வந்திருந்தது.