ஈழ அகதிச் சிறார் (தமிழ்நாடு)

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைப் போருக்குத் தப்பி, பெற்றோருடன் படகேறித் தமிழ்நாடு வந்த குழந்தைகளும், இங்குள்ள முகாம்களில் அவர்களுக்குப் பின் பிறந்தவர்களும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் சுமார் 30 கி.மீ. தான். ஆனால் படகோட்டிகள் பல குடும்பங்களை நடுவிலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குடிநீரோ நிழலோ இல்லாத அந்தத் திட்டில், மீனவரோ கடற்படையோ வரும்வரை கைக்குழந்தையோடு காத்துக்கிடக்க வேண்டும். பிறகு மண்டபம் முகாம், பதிவு, விசாரணை. கரையேறியதும் குழந்தையின் அலைச்சல் தீர்ந்தது என்று எண்ணுவது பிழை. அதைத் தலைமுறை தாண்டி நீட்டிப்பது சட்டம். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அதற்குமுன் முகாமில் பிறந்த அக்கா சட்டப்படி இந்தியர். அதே முகாமில் பின்னர் பிறந்த தம்பி, கடலையே கடக்காத அகதி.

உதவித்தொகையும் ரேஷனும் பள்ளிப் படிப்பும் தந்தாயிற்றே என்பார்கள். அந்த உதவி பெரிது, உண்மைதான். ஆனால் அது பட்டதாரிக்கு அரசு வேலையையோ இந்தியப் பாஸ்போர்ட்டையோ பெற்றுத்தராது. குடியுரிமை கொடுத்தால் தாயகத்தின் மீதான உரிமை போய்விடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் திரும்ப விரும்புவோருக்கு வழியைத் திறந்து வைத்துக்கொண்டே, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்க முடியும். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.