இடா லூப்பினோ

இடா லூப்பினோ (பிப்ரவரி 4, 1918 – ஆகஸ்ட் 3, 1995) லண்டனில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகை, இயக்குநர். தலைமுறை தலைமுறையாக மேடையேறிய குடும்பம் அவருடையது. தந்தை ஸ்டான்லி லூப்பினோ பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர். தாய் கானி எமரால்டும் நடிகையே. 1932இல் முதல் கதாநாயகி வேடம். அடுத்த ஆண்டே பாரமவுண்ட் நிறுவனம் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துக்கொண்டது.

தொடக்கத்தில் கிடைத்தவை அழகுப் பதுமை வேடங்கள். 'தி லைட் தட் ஃபெய்ல்டு' (1939) அவருடைய திறமையை வெளிக்கொணர்ந்தது. வார்னர் பிரதர்ஸின் 'தே டிரைவ் பை நைட்' (1940), 'ஹை சியரா' (1941) இரண்டிலும் ஹம்ஃப்ரி போகார்ட்டுடன் நடித்தார். 'தி ஹார்டு வே' (1943) நியூயார்க் திரைப்பட விமர்சகர்களின் சிறந்த நடிகை விருதைப் பெற்றுத் தந்தது. பிடிக்காத வேடங்களை அவர் மறுத்தபோதெல்லாம் நிறுவனம் சம்பளமின்றி ஒதுக்கிவைத்தது. அந்த நாள்களில் படப்பிடிப்புத் தளங்களுக்குப் போய், இயக்குநர்களின் வேலையைக் கூர்ந்து கவனித்தார். பின்னாளில் கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

வார்னரை விட்டு விலகியபின், இரண்டாம் கணவர் காலியர் யங்குடன் சேர்ந்து சொந்தத் தயாரிப்பில் இறங்கினார். மணமாகாத தாயைப் பற்றிய 'நாட் வான்டட்' (1949) படப்பிடிப்பில் இயக்குநர் எல்மர் கிளிஃப்டனுக்கு மாரடைப்பு வரவே, லூப்பினோவே இயக்கி முடித்தார். திரையில் கிளிஃப்டன் பெயரே இருந்தது. 1934இல் தாமே இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர் என்பதால், அந்நோய் தாக்கிய நடனக்காரியின் கதையான 'நெவர் ஃபியர்' அவருக்கு நெருக்கமானது. 'அவுட்ரேஜ்' (1950) பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணைப் பேசியது. தணிக்கை விதிகளால் அந்தக் குற்றத்தின் பெயரையே படத்தில் உச்சரிக்க முடியவில்லை. ஆனால் அவளுடைய அச்சத்தையும், ஊரார் பார்வை அவளைக் கூசவைப்பதையும் லூப்பினோ காட்டிய விதத்தில் மழுப்பலே இல்லை. பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கிய இந்தப் பொருள்களைக் குறைந்த செலவில், பரிவோடு எடுத்ததே அவருடைய தலையாய சாதனை. ஆண்களே முதன்மைப் பாத்திரங்களான 'தி ஹிட்ச்-ஹைக்கர்' (1953) குற்றப்படங்களில் இன்றும் போற்றப்படுகிறது. அதே ஆண்டின் 'தி பிகமிஸ்ட்' படத்தில் தம்மையே இயக்கி நடித்தார்.

தொலைக்காட்சி அவருக்கு நீண்ட இரண்டாம் வாழ்வு தந்தது. மூன்றாம் கணவர் ஹோவர்ட் டஃப்புடன் 'மிஸ்டர் ஆடம்ஸ் அண்ட் ஈவ்' (1957–58) தொடரில் நடித்து எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 'தி ட்விலைட் ஸோன்' மூலத்தொடரில் ஓர் அத்தியாயத்தில் நடித்து, வேறோர் அத்தியாயத்தை இயக்கியவர் அவர் ஒருவரே. அத்தொடரை இயக்கிய ஒரே பெண்ணும் அவரே. 'தி ஃபியூஜிட்டிவ்', 'தி அன்டச்சபிள்ஸ்' போன்ற தொடர்களையும் இயக்கினார்.

அவர் கடைசியாக இயக்கிய திரைப்படம் 'தி டிரபிள் வித் ஏஞ்சல்ஸ்' (1966). 'ஜூனியர் பானர்' (1972) படத்தில் ஸ்டீவ் மெக்குயினின் தாயாக நடித்தார். 1970களின் இறுதியில் திரையிலிருந்து ஒதுங்கிய லூப்பினோ, லாஸ் ஏஞ்சல்ஸில் 77ஆம் வயதில் காலமானார்.