நெஞ்சுச் சி.டி. மதிப்பெண்

கொரோனா போன்ற வைரஸ் தொற்று நுரையீரலை எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதைச் சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து எண்ணாகக் கணிக்கும் முறை. 2021 இரண்டாம் அலையில் மருத்துவருக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் பழகிய எண் இது.

ஆங்கிலப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. இயற்பியலாளர் கார்மாக்குடன் சேர்த்து 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நுரையீரலை மடல் மடலாகப் பிரித்து மதிப்பிடும் வழக்கம் சார்ஸ் நோயாளிகளிடம் கையாளப்பட்டு, 2020-இல் கொரோனாவுக்கு வந்தது.

வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என மடல்கள் ஐந்து. ஒரு மடலில் பாதிப்பே இல்லையெனில் 0. 5 விழுக்காட்டுக்குள் 1. 25 வரை 2. 50 வரை 3. 75 வரை 4. அதற்கு மேல் 5. கூட்டினால் உச்சம் 25. பொதுவாக 8-க்குக் கீழ் லேசானது, 15-க்கு மேல் கடுமையானது. தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல் தொடக்கநிலை. காற்றறைகள் நீர்மம் நிறைந்து வெளுத்துத் தெரிவது முற்றிய நிலை.

முதல் ஓரிரு நாளில் படம் தெளிவாகவே இருக்கலாம். பாதிப்பு உச்சம் தொடுவது ஏறக்குறைய பத்தாம் நாளில். ஆகவே எந்த நாளில் எடுத்த படம் என்பது தெரியாமல் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. பழைய காசநோய்த் தழும்பையும் பிரித்தறிய வேண்டும்.

ஒரு சி.டி. கதிர்வீச்சில் 300 முதல் 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா 2021 மே மாதம் எச்சரித்தார். அது பழங்கணக்கு என்று கதிரியல் மருத்துவர் சங்கம் மறுத்தது. குறைகதிர் முறையில் அளவு வெகுவாகக் குறையும் என்பது உண்மையே. ஆயினும் மூச்சுத்திணறல் இல்லாதவருக்குக் காய்ச்சல் கண்டவுடன் ஸ்கேன் எடுப்பது வீண். மத்திய அரசின் வழிகாட்டுதல் இரத்த ஆக்சிஜன் 90–93 விழுக்காடு என்றால் நடுத்தரம், 90-க்குக் கீழ் கடுமை என வகுத்தது. சிகிச்சையை முடிவுசெய்ய அதுவே சரியான அளவுகோல்.