இயற்கையின் நெறியும் கணினி ஓவியமும்

பொறியும் இயற்கையும் ஒன்றுக்கொன்று பகையென்பது பலர் கொண்ட எண்ணம். பொறி நேர்கோட்டையும் வட்டத்தையும் விரும்புவது. இயற்கையோ அவற்றை அரிதாகவே காட்டுவது. ஆதலின், கணினி கொண்டு ஆக்கப்படும் ஓவியத்தில் உயிர்ப்பு இராது என்பாரும் உளர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை அக்கலையின் வரலாறு கொண்டே ஆராய்தல் தகும்.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து அமைத்த 'ஸ்கெச்பாட்', ஒளிப்பேனா கொண்டு திரையிலே கோடும் வட்டமும் வரையும் ஆற்றலைத் தந்தது. பொறியியலாளருக்கு அது பெருந்துணை. ஆயின் மலைக்கும் மரத்துக்கும் அது போதாது. மலைமுகட்டின் ஒவ்வொரு பிளவையும் கையால் அளந்து கணினியுட் புகுத்தல் எவருக்கு இயலும்?

இயற்கையின் தோற்றத்தை விடுத்து, அதன் நெறியை நாடியோரே வழி கண்டனர். சில எளிய விதிகளை மீண்டும் மீண்டும் வழங்கினால் உயிர்க்கலங்களின் வளர்ச்சியை விளக்கலாமென 1968இல் உயிரியலறிஞர் லின்டன்மேயர் காட்டினார். கணினியிலே செடி வளர்க்கும் கலைக்குப் பின்னாளில் அதுவே வித்தாயிற்று. பகுதியானது முழுமையை ஒத்திருக்கும் வடிவங்களுக்கு 1975இல் மண்டல்புறோட் 'பிராக்டல்' எனப் பெயரிட்டார். போயிங் விமான நிறுவனத்திற் பணியாற்றிய லொறன் காப்பென்ரர் அக்கணிதத்தைக் கற்று, முக்கோணங்களை மேன்மேலும் பிளந்து மலைத்தொடர்களை எழுப்பி, 1980இல் இரண்டு நிமிடக் குறும்படமொன்றைக் காட்டினார். 1982இல் 'ஸ்ரார் ட்றெக்' இரண்டாம் திரைப்படத்திலே, உயிரற்ற கோளொன்று பசுமையுறும் காட்சியில் அவருடைய மலைகளும் வில்லியம் றீவ்ஸ் ஆக்கிய தீயும் இணைந்தன. அத்தீ தோன்றி, அசைந்து, மறையும் எண்ணிறந்த நுண்டுகள்களின் கூட்டமாகும்.

மலையும் தீயும் அமைந்தன. பாத்திரங்கள் உயிர்பெற்ற வரலாறு இன்னும் சுவையுடையது. 1986இல் ஜோன் லாசெற்றர் 'லக்சோ ஜூனியர்' என்னும் படத்துக்கு மேசைவிளக்குகள் இரண்டையே பாத்திரங்களாகக் கொண்டார். முகமும் கையும் இல்லாத விளக்கைக் குழந்தையாக்குவது எங்ஙனம்? நண்பரொருவரின் கைக்குழந்தையை உற்றுநோக்கியபோது, உடலை நோக்கத் தலை பெரிதாயிருத்தலே குழந்தைமையின் இலக்கணம் எனக் கண்டார். பெரிய விளக்கை அப்படியே சிறிதாக்காது, தண்டுகளையும் சுருள்வில்களையும் நீளத்தில் மட்டுமே குறைத்தார். மின்குமிழை மாற்றவேயில்லை, அது கடையில் வாங்கும் பொருள், வளர்வதன்று என்பது அவர் கூறிய காரணம். வளர்வது எது, வளராதது எது என்று பகுத்தறிந்த அந்நோக்கே உலோகப் பொருளுக்கு உயிர் ஈந்தது.

1987இல் கிறெயிக் றெயினோல்ட்ஸ் பறவைக் கூட்டத்தை ஆராய்ந்தார். அயலானோடு மோதாமை, அவனோடு ஒத்த திசையிலும் விரைவிலும் செல்லல், கூட்டத்தை விட்டு நீங்காமை என்னும் மூன்று விதிகளே அவர் வகுத்தவை. தலைவனின்றியே அவருடைய கணினிப் பறவைகள் கூடிப் பறந்தன. 2003இல் வெளிவந்த 'பைண்டிங் நீமோ' படத்துக்காக ஓவியர்கள் மீனியலறிஞரிடம் பாடங்கேட்டனர். கடலில் மூழ்கியும் பார்த்தனர்.

கொழும்பில் 1877இற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கலை இயற்கையின் புறத்தோற்றத்தை அன்று, அது தொழிற்படும் முறையையே பின்பற்றுவது என வலியுறுத்தி வந்தார். கணினியை அறியாது 1947இல் மறைந்த அவர் கருத்துக்குக் கணினிக் கலையின் வரலாறே சான்றாயமைந்தமை வியத்தற்குரியது.

பிறர் ஆக்கிய எண்ணிறந்த படங்களைப் பயின்று, கேட்ட கணத்திலே புதுப்படம் தரும் கணினி முறைகள் இன்று யாவர்க்கும் எட்டியுள்ளன. இயற்கையை நேரிற் காணாமலே ஓவியராகிவிடலாமென மாணவர் மயங்குதல் கூடும். குழந்தையின் தலையையும் மீனின் துடுப்பையும் பொறுமையோடு நோக்கிய கண்களே இக்கலையை வளர்த்தன என்பதை அவர் மறத்தலாகாது. கருவி மாறலாம், நோக்கும் பயிற்சிக்கு மாற்றில்லை.