போட்ட படம் பெயரோடு திரும்பி வருமா?

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் வெளிக்கிட்டபோது, அம்மா ஒரு சொப்பிங் பையில் காணி உறுதியையும் 61 படங்களையும் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தார். அல்பங்கள் பாரம் என்று படங்களை மட்டும் கழற்றி எடுத்தாராம். அந்தப் பை தென்மராட்சி, வன்னி, கொழும்பு என்று சுற்றிக் கடைசியில் அவரோடு ரொறன்ரோவில் எமது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அவருக்கு 84 வயது. அந்தப் படங்களில் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர் இங்கே அவர் ஒருவர்தான்.

போன பனிக்காலம் இவற்றை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றுவது என்று முடிவெடுத்தோம். "எல்லாத்தையும் கூகிளில போடுங்கோ, அலுவல் முடிஞ்சுது" என்றார்கள் பிள்ளைகள். கணக்கெழுதிப் பிழைத்தவர்களுக்கு அப்படிப் போட மனம் வராது. காசு வைப்பிலிடுவதற்கு முதல் அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று கேட்பது எமது தொழிற்பழக்கம். ஆகவே இருபது படங்களைத் தெரிந்து, பெயர், ஊர், ஆண்டு எழுதி, கூகிள் போட்டோஸ், பிளிக்கர், ஐகிளவுட், வன்டிரைவ் ஆகிய நாலு இடங்களில் ஏற்றினோம். ஒரு மாதம் கழித்து அனைத்தையும் தரவிறக்கி, வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிப்பதுபோலப் போட்டதையும் வந்ததையும் ஒப்பிட்டோம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படியொரு பை இருக்கலாம் என்பதால் கண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கணக்கு. கொடாக் கலரி 2012 இல் மூடப்பட்டது. பலரும் விரும்பிய பிக்காசாவை கூகிள் 2016 இல் நிறுத்தியது. போட்டோபக்கெட் 2017 இல், தன்னிடமுள்ள படங்களை வேறு தளங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399.99 அமெரிக்க டொலர் கேட்டது. பிளிக்கர் 2013 இல் ஒரு டெராபைட் இலவசம் என்றது. 2018 இல் கைமாறியபின் இலவசக் கணக்குக்கு 1000 படங்கள் என்று வரையறுத்தது. கூகிள் போட்டோஸ் 2015 இல் அளவில்லாத இலவசம் என்று தொடங்கி, 2021 யூன் 1 முதல் மின்னஞ்சலும் சேர்த்து 15 ஜிகாபைட் என்று நிறுத்திக்கொண்டது. எமது மூத்தவளின் முதல் மூன்று வயதுப் படங்களை இப்படி மூடிய ஓர் இடத்தில் வைத்திருந்தோம். அறிவித்தல் வந்த மின்னஞ்சல் முகவரியை நாம் அதற்கு முதலே கைவிட்டிருந்தோம். அந்தப் படங்கள் போனது போனதுதான்.

இனி முடிவுக்கு வருவோம். படங்கள் நாலு இடத்திலிருந்தும் குறையாமல் வந்தன. பெயர்கள்தான் தடக்கின.

கூகிள் போட்டோஸ் தேடுவதற்கு வலு கெட்டிக்காரன். கோயில் என்றால் கோயில் படங்களைக் கொண்டுவரும். பாவாடை சட்டையோடு நிற்கும் சிறுமியையும் நாற்பது வயதுப் பெண்ணையும் சிலவேளை ஒரே ஆள் என்று சேர்த்தும் காட்டும். ஆனால் அதன் பெட்டிக்குள் நாம் எழுதும் விளக்கமும் திருத்தும் திகதியும் படக் கோப்புக்குள் போவதில்லை. மொத்தமாக எடுக்க 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. அதில் படம் ஒரு கோப்பாகவும், விளக்கமும் திகதியும் 'ஜேசன்' என்ற சிறு எழுத்துக் கோப்பாகவும் வேறாக வரும். ஸ்கான் செய்த படத்துக்கு 1974 என்று போட்டிருந்தாலும், படக் கோப்பைக் கேட்டால் அது ஸ்கான் செய்த நாளைத்தான் சொல்லும். படத்தை மட்டும் வேறு கணனிக்கு மாற்றிவிட்டு அந்தச் சிறு கோப்புகளை வேண்டாதவை என்று அழித்தால் அம்மா சொன்ன பெயர்களும் போய்விடும். பிளிக்கரிலும் கதை ஏறத்தாழ இதுவே: அங்கே எழுதிய குறிப்பு வேண்டுமென்றால் கணக்குத் தரவைத் தனியாகக் கேட்டுப் பெறவேண்டும். ஆப்பிள் கணனியிலுள்ள போட்டோஸ் செயலியிலிருந்து எடுக்கும்போது, தலைப்பையும் விளக்கத்தையும் சேர்க்கும்படி நாமே தெரிவுசெய்ய வேண்டும். வன்டிரைவ் வெறும் அலுமாரிபோல, கொடுத்த கோப்பை அப்படியே திருப்பித் தந்தது.

இதற்கு வழி, ஏற்றுவதற்கு முதலே பெயரைக் கோப்புக்குள் எழுதிவிடுவது. விண்டோஸ் கணனியில் ஜேபெக் படத்தின் மேல் வலது சொடுக்கு, புறப்பர்ட்டீஸ், டீற்றெயில்ஸ். அங்கே தலைப்பு, குறிப்பு எழுத இடமுண்டு, தமிழிலேயே எழுதலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் 'டிஜிகாம்' என்ற இலவச மென்பொருள் நல்லது. விபரங்களைக் கோப்பிலேயே எழுதும்படி அதன் அமைப்பில் சொல்லிவிடுங்கள். கூகிளில் ஏற்றும்போது 'ஒரிஜினல்' தரத்தைத் தெரியுங்கள். மற்றத் தெரிவு இடத்தை மிச்சம் பிடிக்கப் படத்தைச் சுருக்கும்.

ஸ்கான் பற்றி ஒரு சிறு கணக்கு. 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்தால் 2400 தர 3600, அதாவது 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். சுருக்காத 'டிஃப்' கோப்பாக வைத்தால் சுமார் 26 மெகாபைட். ஜேபெக் அதில் சிறு பங்குதான். கடவுச்சீட்டு அளவுப் படத்துக்கு 1200 புள்ளி வையுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேயும், ஒருவகைப் பெறுமானத் தேய்வு. ஆகவே முதல் ஸ்கானைத் தொடாமல் வைத்து, பிரதியில் வேலை செய்யவேண்டும். பிளாஸ்ரிக் உறையில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். உறையோடு கைத்தொலைபேசியால் எடுங்கள். கூகிளின் 'போட்டோஸ்கான்' செயலி பல கோணத்தில் எடுத்துச் சேர்த்து வெளிச்சத் தெறிப்பைக் குறைக்கிறது.

திருத்தும் கருவிகளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியில் 'ஸ்னாப்சீட்' மடிப்புக் கீறல்களை அழகாக மறைக்கிறது. கணனியில் 'போட்டோபீ' உலாவிக்குள்ளேயே திறக்கும், படம் உங்கள் கணனியை விட்டு வெளியே போகாது. ஊர்ப்படங்களுக்கு அது எமக்குப் பிடித்திருந்தது. 'கிம்ப்' படிக்கக் கொஞ்சம் கஷ்டம். என்றாலும் எழுபதுகளின் பல நிறப்படங்கள் சியான் சாயம் மங்கிச் சிவந்துபோயிருக்கின்றன. கிம்ப்பில் வெள்ளைச் சமநிலையைத் தானாகச் சரிசெய்யும் ஒரு கட்டளையிலேயே மாமாவின் வேட்டி திரும்ப வெள்ளையானது.

செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கும் கருவிகள் வேறு சாதி. 1968 இல் எடுத்த கலியாணப் படமொன்றில் சின்னம்மாவின் முகம் நகத்தளவு, அதுவும் மங்கல். அப்படியொரு கருவியில் போட்டோம். கண்ணிமை, பல்வரிசை எல்லாம் பளிச்சென்று வந்தது. அம்மாவிடம் காட்டினோம். கனநேரம் பார்த்துவிட்டு, "இது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். இல்லாத விபரத்தை அந்தக் கருவி தானாக ஊகித்து வரைகிறது. சின்னம்மாவுக்கு வேறு படம் கிடையாது. பேரப்பிள்ளைகள் அந்தப் பளிச்சென்ற முகத்தைத்தான் அவர் என்று நம்பியிருப்பார்கள். அதை அழித்துவிட்டோம். நீங்கள் வைத்திருப்பதென்றால் 'திருத்தியது' என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

இன்னொரு பொறி, ஒத்திசைவு. தொலைபேசியில் இடம் போதவில்லை என்று கூகிள் போட்டோஸ் செயலிக்குள் படத்தை அழித்தால் மேலேயும் அழியும். ஏற்றிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும். ஐகிளவுட்டிலும் ஒரு கருவியில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடும், மீட்க 30 நாள்தான். ஆகவே இதைக் காப்புப் பிரதியாக எண்ணக்கூடாது. பீற்றர் குறோ என்ற படப்பிடிப்பாளர் பரப்பிய ஒரு விதி இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு விளக்கத் தேவையில்லை. எமது முறை: கணனியில் ஒன்று, இணையத்தில் ஒன்று, ஒரு வன்தட்டு நோர்வேயில் தம்பி வீட்டில்.

பகிர்வதில் கவனம் தேவை. கூகிளில் இணைப்பு அனுப்பினால் அந்த இணைப்புக் கிடைத்த எவரும் பார்க்கலாம். கைத்தொலைபேசிப் படங்களுக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கக்கூடும். ஊரில் இருப்பவர்களின் முகமும் வீடும் உள்ள படங்களை அவர்களிடம் கேட்காமல் பொதுவில் போடவேண்டாம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி உள்விபரங்களையும் நீக்கிவிடும், முழுமையாகப் போகவேண்டுமென்றால் டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள்.

திறப்பு யாரிடம் என்பதையும் பாருங்கள். மகன் அவசரத்தில் திறந்துகொடுத்த கணக்கு, அப்பாவுக்குக் கடவுச்சொல் தெரியாது என்ற நிலை எம்மில் எத்தனை வீடுகளில்! இரண்டு ஆண்டு பாவிக்காத தனியார் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகிள் 2023 டிசெம்பர் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அதன் 'இன்அக்டிவ் அக்கவுண்ட் மனேஜர்' பகுதியில், மூன்று முதல் பதினெட்டு மாதம்வரை கணக்கு அசையாவிட்டால் யாருக்கு அறிவிக்கவேண்டும் என்று பத்துப் பேர்வரை குறிக்கலாம். ஆப்பிளில் அதற்கு 'லெகசி கொன்ராக்ட்'. எமக்கு இரண்டும் செய்து முடிக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான் எடுத்தது.

குடும்பத்துக்கு அப்பாலும் பெறுமதியான படம், பள்ளிக்கூட விழா, வாசிகசாலைத் திறப்பு, பழைய சந்தை போன்றவை இருந்தால், 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தின் 'ஆவணகம்' பகுதியை விசாரித்துப் பாருங்கள்.

அம்மா இதுவரை 53 படங்களுக்குப் பெயர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டபின் அரை மணித்தியாலம், அதற்குமேல் களைத்துவிடுவார். மிச்சம் எட்டில் ஒரு தண்ணீர்ப்பந்தல் படம். ஏழு பொடியள் நிற்கிறார்கள். இரண்டு பேரைத்தான் அவருக்கு மட்டுக்கட்ட முடிகிறது. கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன கிழமை அனுப்பினோம், டொக்கியுமென்ட் ஆகத்தான். கண் வெட்டிய கையோடு பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.