கற்பிட்டிக்காரரின் புத்தகமும் இணையத்துப் பதிப்புரிமையும்

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் மணியகாரராக இருந்த காலத்தில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் அடுக்கி ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். பிறகு சட்டநிரூபண சபையில் உறுப்பினராக இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் திரட்டிய அவரது ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது. அடுத்த ஆண்டு காலமானார். இரண்டு நூல்களும் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவற்றிலிருந்து உருவிய பத்திகள் ஆள் பேர் இல்லாமல் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றுவதுதான் கேள்விக்குரியது. இணையத்துப் பதிப்புரிமை பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை நகலெடுப்பைப் பற்றியவை. நகலெடுத்தால் யாருக்கும் நட்டமில்லாத பழைய நூல்களில் ஆக்கியோன் பெயர் உதிர்ந்துபோவதை நமது சட்டம் கண்டுகொள்வதே இல்லை.

நகலெடுப்பை நான் ஏன் குற்றமாக எண்ணவில்லை என்பதற்கு ‘தமிழ் புளூட்டாக்’கின் வரலாறே சான்று. 1842ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் குடியேற்ற நாடுகளிலும் செல்லும். ஆனால் பாதுகாப்புப் பெற நூல் முதலில் பிரித்தானியாவில் வெளியாகியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து அச்சகத்தில் முதன்முதலாக வந்த புத்தகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. குடியேற்ற நாடுகளில் முதலில் வெளியானவற்றுக்கும் அந்த உரிமை 1886இல்தான் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1886இல்தான் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, ‘தமிழ் புளூட்டாக்’கை அடியொற்றி, மேலும் பல புலவர்களைச் சேர்த்து, ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்று தமிழிலேயே கொண்டுவந்தார். ஆங்கிலம் தெரியாத வாசகருக்குக் காசிச்செட்டி திரட்டியது போய்ச் சேர்ந்தது அப்படித்தான். 1946இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு கொழும்பில் ‘தமிழ் புளூட்டாக்’கின் இரண்டாம் பதிப்பு வந்தது. 1982இல் புதுதில்லியில் மறுபதிப்பு. ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுத்து வளர்த்திராவிட்டால், கற்பிட்டிக்கு வெளியே அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்? கடுமையான பூட்டு அன்றைக்கே இருந்திருந்தால் நூல் பெட்டிக்குள்ளேயே செல்லரித்திருக்கும்.

இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் தரவுக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. தரவைத் தெரிந்து அடுக்கிய முறையில் சொந்த ஆக்கம் இருந்தால் அந்தத் தொகுப்புக்குத் தருகிறது. ஊரின் பெயரும் உப்பளத்தின் இருப்பிடமும் யாருடைய சொத்துமல்ல, கசற்றியர் போன்ற ஒரு நூலின் அமைப்புக்குத்தான் உரிமை. இது நியாயமான பிரிப்பு. இடறுவது 13ஆம் பிரிவில். ஆக்கியோனின் பொருளாதார உரிமையையும், தன் பெயரைச் சொல்லச் செய்யவும் ஆக்கத்தைத் திரிக்காமல் தடுக்கவும் உள்ள ஒழுக்க உரிமையையும் ஒரே கயிற்றில் கட்டி, ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் என்று அது வரையறுக்கிறது. காசு வாங்கும் உரிமை ஒரு நாள் முடிய வேண்டியதுதான். எழுதியவர் இவர் என்ற உண்மைக்கு எதற்குக் காலாவதி? பிரான்சில் ஒழுக்க உரிமைக்குக் கால எல்லை கிடையாது. இந்தியாவும் 2012 திருத்தத்தில், ஆக்கத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமைக்கு இருந்த காலக்கட்டை நீக்கியது. நாமோ இரண்டையும் ஒன்றாகப் புதைக்கிறோம்.

செத்து 160 ஆண்டுக்கு மேலான ஒருவருக்காக யார் வழக்குப் போடுவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் பதில் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருக்கிறது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டைப் போல, எழுதியவர் தெரியாத நாட்டார் ஆக்கங்களை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி வழங்கும் உரிமையை, அமைச்சர் குறிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் அது ஒப்படைக்கிறது. ஆளே தெரியாத பாட்டுக்குக் காவலர் வைக்க முடிந்த சட்டத்துக்கு, ஆள் தெரிந்த நூலின் பெயரைக் காக்கவும் ஒருவரை நியமிக்க முடியும். அரசிடம் பழைய நூல்களைக் கொடுத்தால் தணிக்கையும் கட்டணமும் பின்னாலேயே வரும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுக்கவில்லை. பாட்டு மீனவருடையது, அனுமதிக் கட்டணம் அதிகாரிக்கு என்ற ஏற்பாடே எனக்கு உறுத்துகிறது. ஆகவே நூல்களின் விடயத்தில் அந்த அதிகாரிக்கு அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ உரிமை இருக்கக் கூடாது. விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

பெயர் தேவைப்படுவது மரியாதைக்காக மட்டுமல்ல. புலவர் வரலாறுகளில் செவிவழிக் கதையும் கணிசம். காலக் கணிப்புகளில் பல பின்னர் மறுக்கப்பட்டுள்ளன. யார் சொன்னது, எந்த ஆண்டில் சொன்னது என்பது தெரிந்தால்தான் வாசகர் அதை எடைபோட முடியும். முகப்புத்தாள் கழன்ற ஒரு பிடிஎஃப்பில் 1859இன் ஊகமும் 1946இன் திருத்தமும் ஒன்றுபோலவே தோன்றும். 1946 பதிப்பிலுள்ள மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுக்கான உரிமைக் காலம், அவர் இறந்த 1980இலிருந்து தனியாக எண்ணப்படுவது என்பதையும் பகிர்பவர் மறந்துவிடுகிறார்.

13ஆம் பிரிவு திருத்தப்படும்வரை இது வாசகர் கையில்தான் இருக்கிறது. பழைய நூலின் ஒரு பக்கத்தைப் பகிர்ந்தால், முகப்புத்தாளையும் சேர்த்தே பகிருங்கள்.