ஒரு கால்வாய், இரண்டு ஊர்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கூட்டத்தில் பேசியபோது, என் பேரைச் சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். ராஜா, ராணி கதையெல்லாம் எனக்கு எழுத வராது. எனக்குத் தெரிந்த வரலாறு நம்ம பெரியாறு கால்வாய்தான். அதன் தலைமாட்டில் பிறந்து, கால்மாட்டில் வாக்கப்பட்டவள் நான். அதையே எழுதுகிறேன்.

என் பிறந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம். வைகாசி வெயிலில் கிணறு அடித்தரை தெரியும். ஊரே காய்ந்து கிடக்கும். அப்போதுதான் ஒரு நாள் கால்வாயில் தண்ணீர் வரும். "ஏத்தா, தண்ணி வந்துருச்சு, ஓடியா" என்று என் அப்பத்தா கூப்பிடுவார். மஞ்சள், குங்குமம், கொஞ்சம் பூவோடு போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் காலை நனைப்பார். மறுநாளே நாற்றங்கால் வேலை ஆரம்பித்துவிடும்.

"மழையே இல்லையே அப்பத்தா, தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். "அது மலையைக் குடைஞ்சு கொண்டாந்த தண்ணி" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பிறகுதான் அது அப்படியே உண்மை என்று தெரிந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்து மழை

ஆனி, ஆடியில் நமக்குக் காற்றுதான் பெரிசாக அடிக்கும். மழை சொற்பம். அதே மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கே ஓடும் பெரியாறு மேற்கே போய்க் கடலில் சேரும். அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டால் நம்ம பக்கம் பிழைக்குமே என்ற யோசனை ரொம்பப் பழையது. ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்து இருளப்ப பிள்ளை 1789-லேயே ஆள் அனுப்பி இடம் பார்த்தார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808-ல் கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்துவிட்டு, இது நடக்காது என்று எழுதினார்.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். அதற்கப்புறம்தான் அரசாங்கம் இந்த வேலையை நிஜமாகக் கையில் எடுத்தது. 1886-ல் திருவிதாங்கூர் ராஜ்யத்தோடு 999 வருஷக் குத்தகை போட்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. பொறுப்பு எடுத்தவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். காட்டாற்று வெள்ளம் கட்டினதை அடித்துக்கொண்டு போனது. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் வேலையாட்கள் பல நூறு பேர் செத்துப்போனார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் போட்டுக் கட்டி, 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்தார்கள். ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்ந்து, பேரணையில் நம்ம கால்வாய்க்குள் திரும்பியது.

தேனிப் பக்கம் இன்றைக்கும் பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15-ல் அவர் பேரால் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றி வேண்டியதுதான். ஆனால் கல் சுமந்து, காய்ச்சலில் செத்த நம்ம ஜனங்களில் ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா? இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் இதற்கு வருகிறேன்.

இருபோகம், ஒருபோகம்

1959-ல் வைகை அணை திறந்தார்கள். வருகிற தண்ணீரைத் தேக்கி, வேண்டியபோது விட வசதி வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் இரண்டு போகத்துக்குத் தண்ணீர் கிடையாது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம். இதற்கு ஜூன் மாசமே தண்ணீர் திறக்க வேண்டும். முதல் 45 நாள் முழுசாக, அதன் பிறகு 75 நாள் முறை வைத்து, ஆக மொத்தம் 120 நாள் விடுவார்கள். ஏடிடி 36, கோ 51 மாதிரி குறுகிய கால நெல் அதற்குள் விளைந்துவிடும். கள்ளந்திரிக்கு அந்தப் பக்கம் மேலூர் வரைக்கும், திருமங்கலம் கால்வாயையும் சேர்த்து, 1,05,002 ஏக்கர் ஒருபோகம். அதற்கு செப்டம்பர் பாதியில்தான் தண்ணீர்.

முதல்போகம் கோடை நெல் மாதிரிதான். மேலே மழை கிடையாது, அணையை மட்டும் நம்பின பயிர். 1979-ல் பெரியாறு அணையில் 136 அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று குறைத்தார்கள். வழக்கு நடந்து, 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நமக்கு அந்த அடிக்கணக்கு வெறும் செய்தி இல்லை. அணையில் தண்ணீர் குறைந்தால் முதலில் அடிபடுவது ஆனி மாசத்து நடவுதான்.

நான் கண்ட வித்தியாசம்

எனக்குக் கல்யாணம் ஆனது மேலூர்ப் பக்கம், கால்வாயின் கடைசி. வந்த முதல் வருஷம் ஆனி மாசம் நாற்றங்கால் எங்கே என்று தேடினேன். "இங்க புரட்டாசியிலதான் தாயி நடவு" என்றார் என் மாமியார். என் அப்பா வீட்டில் பச்சை கட்டி நிற்கும் மாதங்களில், இங்கே வயலில் ஆடு மேய்ந்தது. கால்வாய் ஒன்றுதான், கையில் காசு புழங்கும் மாதம் வேறு.

ஆனி, ஆடியில் எங்க ஊர்ப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் மேற்கே நடவுக்குப் போவார்கள். நானும் போனேன். ஒரு தடவை என் பிறந்த ஊருக்குப் பக்கத்து வயலிலேயே நடவு அமைந்தது. மதினி அந்த வழியாக வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்தார். சேலையைச் சொருகிக்கொண்டு சேற்றோடு எப்படிப் போவது? அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு இல்லை. உழைத்த காசு அது.

எங்க குழுவின் பதிவேட்டைப் புரட்டினால், எந்த வருஷம் தண்ணீர் நன்றாக வந்தது, எந்த வருஷம் வரவில்லை என்று சொல்லிவிடலாம். தண்ணீர் வந்த வருஷம் சந்தா தவறாது. வராத வருஷம் உள்கடன் கூடும், நகை அடகுக்குப் போகும். நடவு இல்லையென்றால் முதலில் வருமானம் நிற்பது பெண்களுக்குத்தான்.

முறைத் தண்ணீரும் பட்டாவும்

ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். எங்க வயலுக்கு முறைத் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது. டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நானும் மாமியாரும் போனோம். மடை திருப்பி, விடியும் வரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். நாலு முறை இப்படியே. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பகல் முறை கொடுங்கள் என்று கேட்கலாமே என்று பாசனக் கூட்டத்துக்குப் போனேன். "பட்டா யார் பேரில் இருக்கு? வீட்டுல ஆம்பளை இருந்தா அனுப்பும்மா" என்றார்கள்.

தமிழ்நாட்டில் 2000-ஆம் வருஷச் சட்டப்படி, தண்ணீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நில உரிமை உள்ளவர்தான் உறுப்பினர். எங்க பட்டா, செத்துப்போன மாமனார் பேரிலேயே இருந்தது. நாற்பது வருஷம் அந்த வயலில் நாற்று நட்ட என் மாமியார் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அணை கட்டிச் செத்தவர்கள் பேர் இல்லாத மாதிரிதான்.

இதைக் குழுக் கூட்டத்தில் சொல்லி அழுதேன். தலைவி அக்கா, "அழுது என்ன செய்ய, வாரிசுச் சான்றிதழ் வாங்கு" என்றார். செலவுக்குக் குழுவில் கடன் கொடுத்தார்கள். இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் பல நடை நடந்தோம். போன வருஷம் பட்டா மாறியது. முதல் பேர் என் மாமியாருடையது. அடுத்த பாசனக் கூட்டத்துக்கு அவரே போனார். நான் கூட இருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் எந்த மடையில் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் பாயும் என்பது விரல் நுனியில் தெரியும். பகல் முறை இன்னும் எல்லா வீட்டுக்கும் கிடைக்கவில்லை. எங்க மடையில் மூன்று வீட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

சகோதரிகளே, நான் கேட்பது ஒன்றுதான். இந்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் வீட்டுப் பட்டாவை எடுத்துவந்து, அதில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். இல்லாதவர்கள் பட்டியலைக் குழு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியலை ஒவ்வொரு பேராகக் குறைப்பது நம்ம கூட்டமைப்பின் வேலையாக இருக்கட்டும்.

மலையையே குடைந்து கொண்டுவந்த தண்ணீர் இது. அது பாய்கிற நிலத்தின் காகிதத்தில் நம்ம பேரைக் கொண்டுவருவது அதைவிடக் கஷ்டமா என்ன?